பத்துக்கும் பதினாலுக்கும் நடுவில்: தருமபுரிப் பேருந்து எரிப்பு வழக்கின் முன்விடுதலை

கோவை மத்திய சிறை வாசலில் மனு பார்க்க வருகிறவர்களில் காங்கேயம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மாவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். மகன் கொலை வழக்கில் ஆயுள் கைதி. ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான் கேட்பார். "ஏனுங் தம்பி, ஆயுளுன்னா பதினாலு வருசந்தானுங்களே? பதினஞ்சாவது நடக்குதுங்க. இன்னும் உட மாட்டேங்கறாங்களே?"

அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஈரோடு சந்தையிலும் பல்லடம் விசைத்தறிக் கூடத்திலும் யாரைக் கேட்டாலும் ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருடம் என்பார்கள். நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. ஆயுள் என்றால் உயிர் இருக்கும்வரை என்று உச்ச நீதிமன்றம் 1961-ல், காந்தி கொலை வழக்கில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கிலேயே சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் 'ஆயுள்' என்பது நாடுகடத்தலாக இருந்தது. வ.உ.சி.க்கு 1908-ல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தபோது நாற்பது வருடம் என்று கணக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டில் அது ஆறு வருடமாகக் குறைந்தது. அவர் செக்கிழுத்தது இதே கோவைச் சிறையில்தான். நாடுகடத்தல் போய் 'ஆயுள் சிறை' என்ற சொல் சட்டத்துக்குள் வந்தது 1956 தொடக்கத்தில். இருபது வருடம் என்ற பழைய கணக்கு அதற்கப்புறமும் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்த இடத்தைப் பதினாலு பிடித்துக்கொண்டது.

பதினாலு எங்கிருந்து வந்தது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 433ஏ-யிலிருந்து. 1978 டிசம்பர் 18-ல் அமலுக்கு வந்த பிரிவு அது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்காக ஆயுள் பெற்றவரையும், மரண தண்டனையை அரசு ஆயுளாக மாற்றிக் கொடுத்தவரையும், குறைந்தது 14 ஆண்டு சிறைக்குள் இருக்காமல் விடுவிக்கக் கூடாது என்கிறது அது. நன்னடத்தைக்காகச் சிறையில் கழித்துக் கொடுக்கும் நாட்கள் இந்தப் பதினாலில் சேராது, உள்ளே இருந்த காலம்தான் கணக்கு. அந்த நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் இதே விதி பிரிவு 475 ஆக இருக்கிறது. ஆக, பதினாலு என்பது அதற்கு முன்னால் திறக்கக் கூடாது என்ற தடை. அந்த நாள் வந்ததும் கதவு தானாகத் திறந்துவிடும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அப்புறம் அவர் இன்னொன்று கேட்டார். "பஸ்ஸெரிச்சவங்களைப் பதினாலுக்கு முன்னாலயே உட்டாங்களாமே, அது எப்படிங்க?" நான் எழுத வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். பதினாலு ஆண்டு என்ற சட்டம் அரசமைப்பின் முன்னால் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைக் கொங்கு நாட்டில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

நடந்தது என்ன

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை என்று சென்னையில் தீர்ப்பு வந்த நாள். மாநிலத்தின் பல இடங்களில் அ.தி.மு.க.வினர் மறியலில் இறங்கினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்து மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பேருந்து தருமபுரிக்குப் பக்கத்தில் இலக்கியம்பட்டியில் நின்றிருந்தது. அதற்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகி இறந்தார்கள், பலர் காயத்தோடு தப்பினார்கள். விவசாயக் குடும்பங்களிலிருந்து பெண் பிள்ளைகள் வேளாண் படிப்புக்குப் போவது பெருமையாக இருந்த காலம் அது. கோவையில் அந்த வயதில் படித்துக்கொண்டிருந்த யாருக்கும் அந்த நாள் மறக்காது.

விசாரணை முதலில் கிருஷ்ணகிரியில் நடந்தது. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றம் அந்த விசாரணையை ரத்து செய்து, சேலத்தில் புதிதாக நடத்த உத்தரவிட்டது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் உறுதி செய்தது. மரண தண்டனை வழக்குகளின் சீராய்வு மனுக்களை திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2014-ல் ஒரு தீர்ப்பு வந்ததும், இந்த வழக்கும் திரும்பக் கேட்கப்பட்டது. 2016 மார்ச் 11-ல் மரணம் ஆயுளாகக் குறைந்தது. முன்திட்டம் இல்லாமல் கும்பல் வெறியில் நடந்தது என்ற வாதம் அங்கே எடுபட்டது.

2018 பிப்ரவரி 1-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி தமிழக அரசு ஒரு அரசாணை போட்டது. அந்த மாதம் 25-ம் தேதியில் 10 ஆண்டு சிறையில் கழித்திருந்த ஆயுள் கைதிகளை, தகுதி பார்த்து, முன்கூட்டி விடுவிக்கலாம் என்பது திட்டம். இந்த மூவரின் பெயரும் அதில் வந்தது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அரசு விளக்கத்தோடு மறுபடி அனுப்பியது, ஆளுநர் ஒப்புக்கொண்டார். 2018 நவம்பர் 19-ல் மூவரும் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். சேலம் தீர்ப்பிலிருந்து எண்ணினால் பதினொன்றே முக்கால் வருடம்.

பத்து எப்படிப் பதினாலை வென்றது

சட்டமன்றமோ நாடாளுமன்றமோ போடும் சட்டத்துக்கு மேலே அரசமைப்பு இருக்கிறது. அதன் 161-வது உறுப்பு மாநில ஆளுநருக்கும் 72-வது உறுப்பு குடியரசுத் தலைவருக்கும் மன்னிக்கவும் தண்டனையைக் குறைக்கவும் அதிகாரம் தருகிறது. 433ஏ வந்ததும் நாடெங்கும் ஆயுள் கைதிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். மாரு ராம் வழக்கு என்று அதற்குப் பெயர், 1980-ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள் அமர்வு, வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது. முன்விடுதலை பற்றி இன்று நாம் பேசுவது பெரும்பாலும் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

433ஏ செல்லும் என்றது தீர்ப்பு. கொடிய குற்றத்துக்குப் பதினாலு ஆண்டு குறைந்தபட்சம் வைப்பது நாடாளுமன்றத்தின் உரிமைக்குள் வருகிறது. ஆனால் இரண்டு எல்லை கட்டியது. ஒன்று, 1978 டிசம்பர் 18-க்கு முன்பே விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களை அது தொடாது. ஒருவன் தண்டனை பெற்ற நாளில் இருந்த விதியை, அப்புறம் வந்த கடுமையான விதியால் மாற்றக் கூடாது. இதன் தொடர்ச்சியாகத்தான் 2010-ல் ஹரியானா அரசு எதிர் ஜகதீஷ் வழக்கில், தண்டனை நாளில் நடப்பில் இருந்த முன்விடுதலைக் கொள்கைப்படிதான் கைதியின் மனுவைப் பார்க்க வேண்டும், பின்னால் வந்தது இன்னும் இளகியதாக இருந்தால் அதன் பலனையும் தரலாம் என்றார்கள். கொங்கு வக்கீல்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பழைய ஆயுள் கைதியின் மனுவை எடுத்தால் முதலில் தண்டனைத் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது எல்லைதான் தருமபுரி வழக்கின் உயிர்நாடி. 433ஏ ஒரு சாதாரணச் சட்டம். 72, 161 ஆகியவை அரசமைப்பின் அதிகாரங்கள். சட்டம் அரசமைப்பைக் கட்ட முடியாது. அதனால் பதினாலு வருடத் தடை, நடைமுறைச் சட்டத்தின் கீழ் அரசு செய்யும் தண்டனைக் குறைப்புக்கு மட்டும்தான். ஆளுநர் 161-ன் கீழ் பத்து வருடத்திலும் விடலாம். 2021-ல் இன்னொரு ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி உறுதி செய்தது. தமிழக அரசு 10 ஆண்டு என்று வைத்தபோது நடந்து வந்த பாதை இதுதான். பாதை செல்லுபடியானது. 'பதினாலு ஆண்டாகாமல் விட்டது சட்டவிரோதம்' என்று அன்று மேடையில் பேசியவர்கள் தவறாகப் பேசினார்கள்.

அப்படியானால் ஆளுநருக்குக் கடிவாளமே இல்லையா? இருக்கிறது. எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது அந்த இடத்தில்தான்.

கடிவாளம்

மாரு ராம் தீர்ப்பிலேயே கிருஷ்ணய்யர் ஒரு உதாரணம் எழுதியிருக்கிறார். ஒரு முதலமைச்சர் தன் பிறந்தநாளுக்கோ, தனக்கு மகன் பிறந்ததற்கோ சிறையில் உள்ள எல்லாரையும் விடுவித்தால், அந்தப் பைத்தியக்காரத்தனத்தை அரசமைப்பு தாங்காது என்பது அதன் சாரம். கட்சிப் பாசமும் பழிவாங்கலும் இந்த அதிகாரத்துக்குள் நுழையவே கூடாது என்றும் சொன்னார். 2006-ல் ஆந்திராவின் எப்புரு சுதாகர் வழக்கில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு அரசியல்வாதிக்கு ஆளுநர் தந்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கீழ்மட்ட அறிக்கையில் அவர் நல்ல கட்சித் தொண்டர் என்று எழுதியிருந்ததை நீதிபதிகள் எடுத்துக் காட்டினார்கள். சாதி, மதம், கட்சி விசுவாசம் ஆகியவை காரணமாக இருந்தால் மன்னிப்பு நிற்காது. பொருத்தமான விஷயத்தைப் பார்க்காமல் விட்டாலும் நிற்காது.

இதை வைத்துக்கொண்டு தருமபுரிக் கோப்பைப் பாருங்கள். குற்றம் நடந்தது ஒரு கட்சித் தலைவருக்கு வந்த தண்டனையை எதிர்த்த மறியலில். தண்டனை பெற்றவர்கள் அந்தக் கட்சிக்காரர்கள். விடுவிக்கப் பரிந்துரைத்தது அந்தக் கட்சியின் அமைச்சரவை. காரணமாகச் சொன்னது அந்தக் கட்சியை நிறுவியவரின் நூற்றாண்டு. கட்சி விசுவாசத்தால்தான் விட்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அப்படிச் சொல்லவும் மாட்டேன். திட்டம் எல்லா ஆயுள் கைதிகளுக்கும் பொதுவாக வந்தது, தகுதி விதிகள் இருந்தன, மூவருக்காக மட்டும் போட்டதல்ல. ஆளுநர் ஒருமுறை திருப்பியும் அனுப்பினார். ஆனால் இப்படி நாலு பக்கமும் சந்தேகம் சூழ்ந்த கோப்பில்தான் காரணங்கள் முன்கூட்டி, எழுத்தில், எல்லாரும் பார்க்கும்படி இருந்திருக்க வேண்டும். ஆளுநர் மாளிகையின் விளக்கம் வந்தது மூவரும் வெளியே வந்த பிறகு. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை அதற்கு முன் யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை, கேட்கச் சொல்லும் விதியும் இல்லை.

இந்த ஒரு கட்சியின் பழக்கம் மட்டும் அல்ல இது. 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிகள் வந்தார்கள். 2021 நவம்பரில் அண்ணாவின் 113-வது பிறந்தநாளை ஒட்டி இன்னொரு அரசாணை. அப்படி வெளியே வந்தவர்களில் நான் வக்கீலாக நின்றவர்களும் உண்டு, அவர்கள் வந்ததில் எனக்குச் சந்தோஷம். இருந்தாலும் சொல்கிறேன், ஒரு மனிதன் திருந்தியிருக்கிறானா என்பதற்கும் ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குறித்த தேதியில் பத்து வருடத்துக்கு நாலு நாள் குறைந்தவன் அடுத்த நூற்றாண்டு விழாவுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இன்னொரு கடிவாளம், ஆளுநரின் கை. 161 அவருடைய சொந்த அதிகாரம் அல்ல, அமைச்சரவை சொன்னபடிதான் கையெழுத்துப் போட வேண்டும். 2018 செப்டம்பர் 9-ல் ராஜீவ் கொலை வழக்கின் ஏழு பேரையும் விடுவிக்கச் சொல்லி இதே அமைச்சரவை இதே ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியது. தருமபுரிக் கோப்பு போய்த் திரும்பி மறுபடி போயும் நவம்பருக்குள் முடிந்தது. ராஜீவ் வழக்குக் கோப்போ இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்து, பிறகு குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிடப்பட்டது. 2022 மே 18-ல் பேரறிவாளனை உச்ச நீதிமன்றமே, முழு நீதிக்காகத் தேவையான உத்தரவு போட அதற்கு அதிகாரம் தரும் 142-வது உறுப்பைக் கொண்டு விடுவித்தது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டும், விளக்கமில்லாத தாமதத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கும் என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர் 31 வருடம் கழித்து வந்தார். ஒரே ஆளுநர், ஒரே அமைச்சரவை, ஒரே ஆண்டு. வித்தியாசம் எதனால் என்று கைதிக்கும் தெரியவில்லை, இறந்தவர்களின் குடும்பத்துக்கும் தெரியவில்லை.

உடுமலை

தருமபுரி மூவரின் தூக்கு ஆயுளான இரண்டாம் நாள், 2016 மார்ச் 13-ல், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஒரு இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்த குற்றத்துக்காக. கூட இருந்த மனைவிக்கும் வெட்டு. கேமராவில் பதிந்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பர் 12-ல் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22-ல் சென்னை உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐந்து பேரின் மரண தண்டனையை ஆயுளாக்கி, 25 ஆண்டுக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது என்று சேர்த்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது.

இந்த '25 ஆண்டு, கழிவு இல்லை' என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைத்த தண்டனை அல்ல. 2008-ல் கர்நாடகத்தின் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உருவாக்கியது. தூக்குக்கும் பதினாலுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதைச் சரி என்றார்கள். ஆனால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே அப்படி விதிக்கலாம், அமர்வு நீதிமன்றத்துக்கு அது கிடையாது. கூடவே அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: 72, 161 அதிகாரங்களை இந்தத் தண்டனையும் தொடாது.

அதன் பொருள் என்ன? நாளைக்கு ஒரு அரசு இன்னொரு விழாவை ஒட்டிப் பத்து வருடத் திட்டம் போட்டால், 25 ஆண்டு என்று உயர் நீதிமன்றம் எழுதியது தனியாக அதைத் தடுக்காது. தடுக்கக்கூடியவை அந்தத் திட்டத்தின் விலக்கு விதிகளும், மாரு ராம், எப்புரு சுதாகர் தீர்ப்புகள் போட்ட கடிவாளமும்தான். ஆணவக் கொலையில் கட்சியைவிடச் சாதி பெரிய சக்தி. கொங்கில் அரசியல் செய்கிற எவருக்கும் இது தெரியும். அதனால்தான் சாதி காரணமாக இருக்கக் கூடாது என்ற எப்புரு சுதாகர் வரி எனக்கு இங்கே மற்ற எதையும்விட முக்கியமாகப் படுகிறது.

சாதாரணக் கைதி

இவ்வளவும் பெரிய வழக்குகள். காங்கேயத்து அம்மாவின் மகனுக்கு எந்தக் கட்சியும் இல்லை. பதினாலு முடிந்ததும் அவன் பெயர், முன்விடுதலைக்குத் தகுதி பார்க்கும் குழுவான அறிவுரைக் கழகத்துக்குப் போனது. நன்னடத்தை அலுவலர் அறிக்கை நன்றாக இருந்தது. உள்ளே தையல் வேலை கற்றான், விடுப்பில் வந்து சொன்ன நாளில் திரும்பினான். மறுப்பு வந்தது. 'காவல்துறை பரிந்துரைக்கவில்லை' என்ற ஒரு வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஏன் பரிந்துரைக்கவில்லை? இறந்தவரின் வீட்டார் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள், சண்டை வரலாம் என்பதாம். அதுவும் நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கேட்டபோது வாய்மொழியாகச் சொன்னது. சண்டை வரும் என்று நினைத்தால் வேறு ஊரில் தங்க நிபந்தனை போடலாமே என்று கேட்டேன். பதில் இல்லை.

இந்த இடத்தில் 2025 பிப்ரவரி 18-ல் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு தந்த உத்தரவு பெரிய உதவி. முன்விடுதலைக் கொள்கை வைத்திருக்கும் மாநிலம், தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் தானே பரிசீலிக்க வேண்டும். விட்டாலும் மறுத்தாலும் சுருக்கமாகவாவது காரணம் எழுதி, கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நிபந்தனைகள் நிறைவேற்ற முடியாதபடி கடுமையாக இருக்கக் கூடாது. விட்ட பிறகு ரத்து செய்வதானால் நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். சமத்துவத்தையும் உயிர், தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் 14, 21 உறுப்புகளிலிருந்து நேரே வருகிற உரிமை இது. எழுதப் படிக்கத் தெரியாத கைதிக்கு யாராவது மனு எழுதித் தர மாட்டார்களா என்று காத்திருந்த காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. சிறைக்குள் சட்ட உதவிக்குப் போகிற இளம் வக்கீல்கள் இந்த உத்தரவின் நகலைக் கையோடு வைத்திருங்கள்.

காரணம் எழுதினால்தான் அதை எதிர்க்க முடியும். 2024 ஜனவரி 8-ல், 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டு வன்கொடுமை பற்றிய பில்கிஸ் பானு வழக்கில் பதினொரு பேரின் விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரித்துத் தண்டித்தது மகாராஷ்டிர நீதிமன்றம் என்பதால் விடுவிக்க அதிகாரம் இருந்தது மகாராஷ்டிரத்துக்கு, விடுவித்தது குஜராத். அதோடு ஆளுக்கு ஆள் ஒரே அச்சில் வார்த்த ஆணைகளையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். பாதிக்கப்பட்டவரே நேராக உச்ச நீதிமன்றம் போகலாம் என்றும் அதில் முடிவானது. போகலாம், ஆனால் விடுவித்த பிறகுதான் போக முடியும். வழக்கை அரசு திரும்பப் பெறுவதானால் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதி தரக் கூடாது என்று புதிய சன்ஹிதாவின் பிரிவு 360 சொல்கிறது. தண்டனையைக் குறைக்கும் பிரிவு 473-ல் அப்படி ஒரு வரி இல்லை. நாடாளுமன்றம் சேர்க்கலாம். அதுவரை மாநில அரசு தன் அரசாணையிலேயே சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

காங்கேயத்து அம்மாவுக்காக இப்போது புதிய மனு எழுதியிருக்கிறேன். காவல்துறை அறிக்கையின் நகலும், மறுப்புக்கான காரணமும், வெளியூரில் தங்கும் நிபந்தனையை ஏன் பரிசீலிக்கவில்லை என்பதற்கு எழுத்தில் பதிலும் கேட்டிருக்கிறேன். இறந்தவரின் குடும்பத்தையும் அழைத்துக் கேளுங்கள் என்று கடைசிப் பத்தியில் சேர்த்தேன். படித்துக் காட்டியபோது அந்த வரி வந்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கேக்கட்டுங்க தம்பி, அவங்களுந்தான் புள்ளையக் குடுத்துட்டு நிக்கறாங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.